ஐந்து மூளைகள், 5,132 துண்டுகள்: சென்னையில் தயாரான 'தரணி'

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு அட்லஸ் பத்திப் பேசப் போறோம். ஸ்கூல்ல வாங்குவோமே, அந்த நாடு, நதி, மலை அட்லஸ் இல்ல. மனுஷ உடம்போட அட்லஸ். அதுலயும் இன்னும் பிறக்காத குழந்தையோட மூளைக்கான அட்லஸ். கம்ப்யூட்டர் திரையில திருப்பிப் பார்க்கலாம், கிட்டப் போகலாம், ஒவ்வொரு இடத்துக்கும் என்ன பேர்னு பார்க்கலாம். பேரு 'தரணி'. 2024 டிசம்பர்ல ஐஐடி மெட்ராஸ்ல வெளியிட்டாங்க. கருவில் இருக்கும் சிசுவின் மூளை பத்தி உலகத்துல பொதுமக்கள் பார்க்கிற மாதிரி இருக்கிற டிஜிட்டல் தொகுப்புகள்ல இதுதான் பெருசுன்னு அப்பவே சொன்னாங்க. இது நம்ம ஊர்ல, கிண்டிப் பக்கத்துல நடந்திருக்கு. நம்ம ராயபுரம், திருவொற்றியூர்ல இருந்து பார்த்தா கிண்டியே வேற ஊர் மாதிரிதான், அது வேற விஷயம்.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. ஒரு உறுப்பை எப்படி கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு போறது?

காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கியிருப்பீங்க. கடைக்கார அக்கா முழு மீனை எடுத்து வச்சு, குறுக்குவாட்டுல ஸ்லைஸ் போடுவாங்க. ஒவ்வொரு ஸ்லைஸ்லயும் நடுவுல முள், சுத்தி சதை, ஓரத்துல தோல். தலைப் பக்கம் ஸ்லைஸ் பெருசு, வால் பக்கம் சின்னது. வயித்துப் பக்கம் நடுவுல ஒரு ஓட்டை இருக்கும், வால் பக்கம் அது இருக்காது. இப்ப அந்த ஸ்லைஸ் எல்லாத்தையும் வரிசை மாறாம போட்டோ எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா? மீன் திரும்ப வந்துடும். அது மட்டுமில்ல, அக்கா குறுக்கால வெட்டினதை நீங்க கம்ப்யூட்டர்ல நெடுக்கால வெட்டிப் பார்க்கலாம். முள்ளை மட்டும் தனியா எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். உடற்கூறு அட்லஸ் எல்லாமே அடிப்படையில இந்த ஒரே யோசனைதான். வெட்டு, படம் எடு, அடுக்கு.

இதை முழு மனுஷ உடம்புக்கும் முதன்முதலா பெரிய அளவுல பண்ணினது அமெரிக்காவோட தேசிய மருத்துவ நூலகம். 'விசிபிள் ஹ்யூமன்' திட்டம். ஒரு ஆணோட உடம்பை உறைய வச்சு, 1 மில்லிமீட்டர் இடைவெளியில சீவிச் சீவி, 1,871 குறுக்கு வெட்டுப் படம் எடுத்தாங்க. 1994-ல வெளியிட்டாங்க. அடுத்த வருஷம் ஒரு பெண்ணோட உடம்பு, மூணுல ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளியில, 5,189 படம். நீங்க இன்னைக்கு பாக்குற எத்தனையோ 3டி உடற்கூறு சாஃப்ட்வேர்களுக்கு அந்த ரெண்டு பேர்தான் மூலம்.

அந்த ஆண் யாருன்னு பத்திரிகைக்காரங்க சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டாங்க. ஜோசஃப் பால் ஜெர்னிகன். டெக்சஸ் மாநிலத்துல கொலைக் குற்றத்துக்காக 1993-ல விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேத்தப்பட்டவர். உடம்பை அறிவியலுக்குக் கொடுக்கிறேன்னு சிறையில கையெழுத்துப் போட்டவர். ஆனா சாவுக்காகக் காத்திருக்கிற ஒரு கைதியோட சம்மதம் உண்மையிலேயே சம்மதமா, உலகம் முழுக்கத் தன்னோட உடம்பைத் துண்டு துண்டாப் பார்க்கும்னு அவருக்குத் தெரியுமான்னு அப்பவே சண்டை நடந்துச்சு. இன்னொரு விஷயம், அவருக்கு குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது. அதனால மனுஷ உடம்போட மாதிரின்னு உலகமே படிச்ச அந்த உடம்புல குடல்வால் கிடையாது. ஒரே ஒருத்தரை வச்சு 'மனுஷன் இப்படித்தான்'னு வரைபடம் போட்டா இதுதான் நடக்கும். இந்த ரெண்டு விஷயத்தையும், அதாவது சம்மதமும் எண்ணிக்கையும், மனசுல வச்சுக்கோங்க. தரணிக்கு வரும்போது திரும்பத் தேவைப்படும்.

மூளைக்கு வருவோம். மூளையில 1 மில்லிமீட்டர்ங்கிறது ரொம்பப் பெரிய தூரம். ஒரு நரம்பு செல்லோட உடல் பத்து, இருபது மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரம் மைக்ரான். அதனால செல் தெரியணும்னா சீவல் தலைமுடியை விட மெல்லிசா இருக்கணும். 2013-ல ஜெர்மனியும் கனடாவும் சேர்ந்து 'பிக் பிரெய்ன்'னு ஒண்ணு பண்ணினாங்க. 65 வயசுப் பெண்மணி ஒருத்தரோட மூளை, 20 மைக்ரான் தடிமன்ல 7,404 சீவல். அது வளர்ந்த மூளை, ஒரே மூளை.

தரணியில இருக்கிறது ஐந்து சிசு மூளைகள். கர்ப்பத்தோட 14-வது வாரத்துல இருந்து 24-வது வாரம் வரைக்குமான காலகட்டம். மொத்தம் 5,132 சீவல்கள். 500 மூளைப் பகுதிகளுக்கு மேல பேர் குறிச்சிருக்காங்க. இதைச் செஞ்சது ஐஐடி மெட்ராஸ்ல 2022-ல திறந்த சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். இன்ஃபோசிஸ் நிறுவனர்கள்ல ஒருத்தரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் அதே ஐஐடியில படிச்சவர், அவர் கொடுத்த நிதியில உருவான மையம். மனைவி பேரை வச்சிருக்காங்க. மையத்தோட தலைவர் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். இதுல நான் ரசிச்ச விஷயம், அவர் டாக்டர் கிடையாது, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியர். சென்னையோட மெடிஸ்கேன், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரெண்டும் கூட வேலை செஞ்சிருக்காங்க. பல நாட்டு நரம்பியல் ஆட்களும் இருந்தாங்க. ஆய்வு வெளியானது 'ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜி'யில. 1891-ல தொடங்கின பழைய பத்திரிகை அது. மேற்கத்திய நாடுகள்ல ஆகிற செலவுல பத்துல ஒரு பங்குக்கும் குறைவா முடிச்சோம்னு மையம் சொல்லுது.

இப்ப வெட்டினதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம். ஏன்னா கஷ்டமே அங்கதான் ஆரம்பிக்குது.

மூளையை உறைய வச்சு சீவுறாங்க. சீவின துண்டைக் கண்ணாடியில ஏத்திச் சாயம் போடணும். சாயம் இல்லாம பார்த்தா வெறும் வெளிறின சவ்வுதான். நிஸ்ஸில்னு ஒரு சாயம் இருக்கு. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் டாக்டர் ஃபிரான்ஸ் நிஸ்ஸில் பேர்ல வந்தது. அது செல்லோட உடம்பை மட்டும் ஊதா நீலத்துல காட்டும். எங்க செல் நெருக்கமா இருக்கோ அங்க கரும் ஊதா, எங்க கம்மியோ அங்க வெளுப்பு. ஒரு வகையில இது இரவு நேர விமானப் படம் மாதிரி. எங்க ஜனம் நெருக்கம்னு பார்த்தவுடனே தெரிஞ்சுடும்.

அப்புறம் ஸ்கேனர். ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். செல் நல்லாத் தெரியணும்னா ஒரு பிக்சல் அரை மைக்ரான் இருக்கணும்னு வச்சுப்போம். 4 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் துண்டு ஒண்ணு. 80,000 பிக்சல் அகலம், 60,000 பிக்சல் உயரம். பெருக்கினா 480 கோடி பிக்சல். உங்க போன்ல 12 மெகாபிக்சல் கேமரா இருந்தா, 400 போட்டோவைச் சேர்த்த அளவு. அது ஒரே ஒரு சீவல். இந்த மாதிரி ஆயிரக்கணக்குல!

இதை எப்படி நம்ம பிரவுசர்ல திறக்க முடியுது? கூகுள் மேப்ல நடக்கிற அதே வேலைதான். நீங்க மேப்பைத் திறந்தா உலகம் முழுக்க டவுன்லோட் ஆகுறதில்ல. மேல இருந்து பார்க்கும்போது மங்கலான ஒரு படம் வருது. தண்டையார்பேட்டைக்குப் பக்கத்துல ஜூம் பண்ணினா அந்தச் சின்னச் சதுரத்துக்கான தெளிவான படம் மட்டும் வருது. அதே மாதிரி ஒவ்வொரு சீவலையும் பல அளவுகள்ல, சின்னச் சின்ன ஓடுகளா வெட்டி சர்வர்ல வச்சுடுவாங்க. நீங்க எங்க போறீங்களோ அந்த ஓடு மட்டும் உங்ககிட்ட வரும்.

அடுத்தது அடுக்குறது. இங்கதான் வாழைப்பழப் பிரச்சனை வருது. நான் சும்மா சொல்லல, இந்தத் துறையில அதுக்குப் பேரே அதுதான்.

வளைஞ்ச வாழைப்பழத்தை எடுத்து வட்ட வட்டமா நறுக்குங்க. இப்ப ஒரு நண்பரைக் கூப்பிட்டு, பழத்தைக் காட்டாம, அந்த வட்டங்களை மட்டும் கொடுத்து திரும்ப அடுக்கச் சொல்லுங்க. அவர் என்ன பண்ணுவார்? ஒவ்வொரு வட்டத்தையும் கீழ இருக்கிற வட்டத்தோட ஓரம் சரியாப் பொருந்துற மாதிரி வைப்பார். ஒழுங்கா, கவனமா வைப்பார். கடைசியில அவர் கையில இருக்கிறது நேரான ஒரு உருளை. ஒவ்வொரு அடியும் சரி, மொத்தம் தப்பு. வளைவு போயிடுச்சு. ஏன்னா வளைவுங்கிற தகவல் எந்தத் தனி வட்டத்துலயும் இல்ல.

மூளையும் வளைஞ்ச பொருள். பத்தாததுக்கு, சீவும்போது துண்டு சுருங்கும், கிழியும், சாயம் போடும்போது கொஞ்சம் நெளியும். அதனால வெட்டுறதுக்கு முன்னாடியே முழு மூளையையும் எம்ஆர்ஐ எடுத்து வச்சுக்குவாங்க. வெட்டும்போதும், ஒவ்வொரு தடவை கத்தி இறங்கும் முன்னாடி, மேல தெரியிற பரப்பை கேமரால படம் எடுப்பாங்க. துண்டு கட்டையை விட்டுப் பிரியறதுக்கு முன்னாடி எடுத்த படம், அதனால அது நெளிஞ்சிருக்காது. எம்ஆர்ஐ முழு வடிவத்தைச் சொல்லும், இந்தக் கட்டைப் படம் ஒவ்வொரு துண்டும் எங்க இருந்துச்சுன்னு சொல்லும், சாயம் போட்ட துண்டு உள்ள என்ன இருக்குன்னு சொல்லும். மூணையும் பொருத்துறதுதான் இன்ஜினியர்களோட வேலை.

அடுக்கினதும் உங்ககிட்ட இருக்கிறது ஒரு கட்டி. பிக்சலுக்குப் பதிலா குட்டிக் குட்டிக் கனசதுரம். அதுக்குப் பேரு வாக்சல். இதுல இருந்து ஒரு பகுதியை மட்டும், உதாரணமா சிறுமூளையை மட்டும், வழவழன்னு ஒரு உருவமா எடுக்கணும்னா 'மார்ச்சிங் க்யூப்ஸ்'னு ஒரு வழிமுறை. 1987-ல ஜெனரல் எலக்ட்ரிக்ல வேலை பார்த்த லாரன்சனும் கிளைனும் எழுதினது. ஒவ்வொரு கனசதுரத்தோட எட்டு மூலையையும் கேட்கும்: நீ உள்ள இருக்கியா, வெளிய இருக்கியா? நாலு மூலை உள்ள, நாலு வெளியன்னா, எல்லைக்கோடு அந்தச் சதுரத்தை நடுவுல வெட்டிட்டுப் போகுதுன்னு அர்த்தம். அங்க சின்ன முக்கோணங்களை வச்சுடும். இப்படி லட்சக்கணக்கான முக்கோணம் சேர்ந்தா ஒரு பரப்பு. உங்க மொபைல் கேம்ல ஹீரோவோட மூஞ்சியும் இதே மாதிரி முக்கோணங்களால ஆனதுதான். அதனால கேமுக்குன்னு வளர்ந்த கிராஃபிக்ஸ் சிப் இந்த மூளையையும் சுலபமாச் சுத்திக் காட்டிடும்.

ஆனா அந்த 'உள்ள, வெளிய'ன்னு யார் முடிவு பண்றது? மனுஷங்க. நரம்பு உடற்கூறு தெரிஞ்சவங்க உட்கார்ந்து, சீவல் சீவலாப் பார்த்து, இது இந்தப் பகுதி, இங்க முடியுதுன்னு கோடு போடணும். கம்ப்யூட்டர் கொஞ்சம் உதவும், ஆனா கடைசி வார்த்தை அவங்களோடது. என்னைக் கேட்டா அட்லஸ்னா அதுதான். மத்ததெல்லாம் போட்டோ. போட்டோ மேல பேர் எழுதி, அந்தப் பேருக்கு ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கிட்டாதான் அது அட்லஸ். சிவப்பு, பச்சைன்னு பளிச்சுன்னு நீங்க பாக்குற வண்ணம் எதுவும் மூளையில கிடையாது. அது நாம கொடுத்தது. இந்தியா மேப்ல ஆந்திராவுக்கு ஒரு கலர், தமிழ்நாட்டுக்கு ஒரு கலர் அடிக்கிற மாதிரி. கும்மிடிப்பூண்டி தாண்டினா மண்ணு கலர் மாறிடுமா என்ன?

சிசு மூளையில இந்த எல்லை போடுற வேலை இன்னும் சிக்கல், ஏன்னா அது கட்டி முடிக்காத கட்டடம். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

நம்ம மூளையோட மேல் உறையில ஆறு அடுக்கு இருக்குன்னு பாடத்துல படிச்சிருப்பீங்க. அந்த நரம்பு செல்கள் அங்கேயே பிறக்கிறதில்ல. மூளைக்கு நடுவுல திரவம் நிறைஞ்ச அறைகள் இருக்கு. அந்த அறைச் சுவரை ஒட்டித்தான் பெரும்பாலான செல் பிறக்குது. பிறந்து, நீளமான நார் மாதிரி இருக்கிற வேற வகை செல்களைப் பிடிச்சுக்கிட்டு, வெளிப்பக்கமா ஏறுது. கயித்தைப் பிடிச்சு ஏறுற மாதிரி. முதல்ல வந்த செல் அடி அடுக்குல உட்காரும். அடுத்து வர்றது, ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறவங்களைத் தாண்டி, அவங்களுக்கு மேல போய் உட்காரும். கடைசியில பிறந்தது மேல் மாடியில.

எண்ணூர் துறைமுகம் பக்கம், மாதவரம் பக்கம் கண்டெய்னர் யார்டு பார்த்திருப்பீங்க. முதல்ல வந்த பெட்டி கீழ, அப்புறம் வந்தது மேல. அதே கதைதான். ஒரே வித்தியாசம், இங்க மேல இருந்து இறக்கிவைக்க கிரேன் கிடையாது. புதுப் பெட்டி தரையில இருந்து, அடுக்கியிருக்கிற பெட்டிகளுக்கு இடையில புகுந்து, தானே மேல ஏறிப் போகணும்.

14-வது வாரத்துல இருந்து 24-வது வாரம் வரைக்கும் இந்தப் பயணம் உச்சத்துல நடக்குது. அதனாலதான் இந்தக் காலகட்டத்தை எடுத்திருக்காங்க. 14 வாரத்துல மூளை வெளிய வழுவழுன்னு இருக்கும், மடிப்பே இல்லாம. 20 வாரத்தை ஒட்டி சில முக்கியமான பள்ளங்கள் தெரிய ஆரம்பிக்கும். வலது மூளையையும் இடது மூளையையும் இணைக்கிற பெரிய நரம்புப் பாலம் உருவாகிறதும் ஏறக்குறைய 20 வாரத்துக்குள்ளதான். அது மட்டுமில்ல, இந்தக் காலத்துல மட்டும் இருந்துட்டு அப்புறம் காணாமப் போற அடுக்கு கூட இருக்கு. மேல் உறைக்கு நேர் கீழ தடிமனா இருக்கும். தூரத்துல இருந்து வர்ற நரம்பு இழைகள் அங்க வந்து காத்திருக்கும். மேல இடம் தயாரானதும் ஏறிப் போகும். வேலை முடிஞ்சதும் அந்த அடுக்கு பெரும்பாலும் கரைஞ்சுடும். கட்டடம் கட்டும்போது போடுற சாரம் மாதிரி. பெரியவங்க மூளையை வச்சு எவ்வளவு அருமையான அட்லஸ் போட்டாலும் இந்தச் சாரம் அதுல தெரியவே தெரியாது. சிசுவுக்குத் தனி அட்லஸ் வேணும்னு சொல்றதுக்கு இதை விட நல்ல காரணம் எனக்குத் தெரியல.

சரி, இதனால நமக்கு என்ன? போன மாசம் தண்டையார்பேட்டையில இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க அனுமதியோட சொல்றேன். "அண்ணா, அஞ்சாம் மாச ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்ல மூளைக்குள்ள வெண்ட்ரிக்கிள் 10.4ன்னு போட்டு வட்டம் போட்டுக் கொடுத்திருக்காங்க. டாக்டர் பார்க்க ரெண்டு நாள் ஆகும். என் மாமியார் அழுதுட்டே இருக்காங்க. 10.4ன்னா என்னண்ணா?"

நான் டாக்டர் இல்ல, அவங்ககிட்டயும் அதைத்தான் முதல்ல சொன்னேன். ஆனா அந்த எண் எங்கிருந்து வருதுன்னு சொல்லலாம். நான் சொன்னேனே, நடுவுல திரவம் நிறைஞ்ச அறை, செல் பிறக்கிற இடம், அதுதான் வெண்ட்ரிக்கிள். 18-ல இருந்து 22 வாரத்துக்குள்ள எடுக்கிற அனாமலி ஸ்கேன்ல அதோட அகலத்தை அளப்பாங்க. 10 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா சரி. 10 தொட்டாலோ தாண்டினாலோ, இன்னும் கவனமாப் பார்க்கணும்னு அர்த்தம். 10-ல இருந்து 12 வரைக்கும் லேசானதுன்னு வைக்கிறாங்க. வேற எந்தக் குறையும் கூட இல்லைன்னா பெரும்பாலான குழந்தைங்க நல்லாவே இருப்பாங்க. ஆனா 'வேற எந்தக் குறையும் இல்ல'ங்கிறதை உறுதி பண்றதுதான் முக்கால்வாசி வேலை. மடிப்பு வர வேண்டிய வாரத்துல வந்திருக்கா, பாலம் இருக்கா, சிறுமூளை சரியான அளவுல இருக்கான்னு பார்க்கணும்.

அல்ட்ராசவுண்டு திரை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். சாம்பல் கலர்ல மழை பெய்யிற மாதிரி. அதுல ஒரு டாக்டர் 'இது இருக்கு, இது இல்ல'ன்னு சொல்றார்னா, அவர் மனசுக்குள்ள ஒரு ஒப்பீட்டுப் படம் ஓடுது. 21 வாரத்துல இந்த இடத்துல இது இருக்கணும்னு. அந்தப் படம் எவ்வளவு தெளிவா இருக்கோ அவ்வளவு தெளிவா அவர் பதில் சொல்ல முடியும். அந்த மங்கலுக்குப் பின்னாடி செல் அளவுல என்ன இருக்குன்னு காட்டுறதுதான் தரணி மாதிரி அட்லஸோட வேலை. நேரடியா உங்க ஸ்கேன் ரிப்போர்ட்டை அது படிக்காது. படிக்கிறவங்களுக்குப் பாடம் சொல்லும்.

இதுக்கு ஒரு கெடு வேற இருக்கு. இந்தியாவில கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல திருத்தினாங்க. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரோட கருத்து போதும். 20-ல இருந்து 24 வாரம் வரைக்கும் சில பிரிவுப் பெண்களுக்கு, ரெண்டு டாக்டரோட கருத்து வேணும். அதுக்கு மேல, சிசுவுக்குப் பெரிய குறைபாடு இருக்குன்னு மருத்துவக் குழு சொன்னா மட்டும். ஸ்கேன் எடுக்கிறதே 20 வாரத்தை ஒட்டித்தான். அப்புறம் சந்தேகம் வந்து, இன்னொரு ஸ்கேன், எம்ஆர்ஐன்னு ஓடினா வாரங்கள் கரையும். ஒரு குடும்பம் வாழ்க்கையிலேயே பெரிய முடிவை எடுக்கிறதும், மூளை தன்னோட முக்கியமான வேலையைச் செய்யிறதும் அதே வாரங்கள்ல. தரணியோட ஐந்து மூளையும் அந்த ஜன்னலுக்குள்ளதான் இருக்கு.

எண்ணூர்க்காரங்க இன்னொரு கேள்வி கேட்பாங்கன்னு தெரியும். 2023 டிசம்பர்ல கொசஸ்தலை ஆத்துலயும் கழிமுகத்துலயும் எண்ணெய் பரவுச்சு. அதே மாசக் கடைசியில பெரியகுப்பம் பக்கம் ராத்திரியில அமோனியா கசிஞ்சு ஜனங்க ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. இந்தக் காத்தை சுவாசிக்கிற கர்ப்பிணிகளோட குழந்தை மூளைக்கு என்ன ஆகும்? இந்த அட்லஸ் அதுக்குப் பதில் சொல்லாது. சொல்லும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா 'மாறியிருக்கா'ன்னு கேட்கணும்னா, 'மாறாதது எப்படி இருக்கும்'னு முதல்ல தெரியணும். அந்த முதல் பாதிக்கு இது ஒரு ஆரம்பம். ரெண்டாவது பாதிக்கு நம்ம பகுதி கர்ப்பிணிகளை வருஷக்கணக்குல தொடர்ந்து கவனிக்கிற ஆய்வு வேணும். அது வேற வேலை, அரசாங்கம் மனசு வைக்க வேண்டிய வேலை.

இப்ப நான் மனசுல வச்சுக்கச் சொன்ன ரெண்டு விஷயம். முதல்ல எண்ணிக்கை. ஒரு மூளையை விட ஐந்து மேல். ஆனா ஐந்துங்கிறது ஐந்துதான். ஒவ்வொரு மூளையும் வேற வேற குழந்தையோடது. அதனால 17 வாரத்துல எல்லா மூளையும் இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இயல்பான வேறுபாடு எவ்வளவுன்னு தெரிய இன்னும் நிறைய மூளை வேணும். இதுவரைக்கும் உலகம் நம்பியிருந்த மூளைத் தொகுப்புகள்ல முக்கியமானவை மேற்கத்திய நாடுகள்ல உருவானவை, அமெரிக்காவோட ஆலன் நிறுவனம் மாதிரி. இப்ப சென்னையில இருந்து ஒண்ணு சேர்ந்திருக்கு. அந்த அளவுல இது பெரிய விஷயம்.

ரெண்டாவது சம்மதம். உடற்கூறு அட்லஸோட வரலாறு சுத்தமானது இல்ல. ஜெர்னிகன் கதை சொன்னேன். அதை விட மோசமானது வியன்னாவோட பெர்ன்காஃப் அட்லஸ். படங்கள் அவ்வளவு அழகு, பல தலைமுறை சர்ஜன்கள் மேஜையில இருந்த புத்தகம். அதை உருவாக்கின எட்வார்ட் பெர்ன்காஃப் தீவிர நாஜி. தொண்ணூறுகள்ல வியன்னா பல்கலைக்கழகம் விசாரிச்சப்ப, நாஜி ஆட்சியில மரண தண்டனை கொடுக்கப்பட்டவங்க உடல்கள் குறைஞ்சது 1,377 அந்த உடற்கூறு நிலையத்துக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சது. யாரும் அவங்களைக் கேட்கல.

இன்னைக்கு இந்தியாவில சிசு திசுவை ஆராய்ச்சிக்கு எடுக்கணும்னா நெறிமுறைக் குழுவோட அனுமதியும், பெற்றோரோட எழுத்துபூர்வமான சம்மதமும் கட்டாயம். அந்தச் சம்மதம் எப்ப கேட்கப்படும்னு யோசிச்சுப் பாருங்க. குழந்தையை இழந்த அதே நாட்கள்ல. திரையில நீங்க ஒரு சீவலை ஜூம் பண்ணும்போது, அதுக்குப் பின்னாடி அந்த நிலைமையில 'சரி'ன்னு சொன்ன ஒரு அப்பா அம்மா இருக்காங்க. அட்லஸ்ல அவங்க பேர் இருக்காது, இருக்கவும் கூடாது.

நம்ம பக்கத்துலயே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கு. பெருசுங்க இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க. 1782 பஞ்சத்துல ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்தின சத்திரத்துல இருந்து வளர்ந்த இடம். பக்கத்துலயே ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி. நம்மள்ல எத்தனையோ பேர் பிறந்த இடம். இங்க முதல் வருஷம் எம்பிபிஎஸ் சேர்ற பையனோ பொண்ணோ, தானமா வந்த ஒரு உடம்பைச் சுத்தி நின்னுதான் உடற்கூறு படிக்கிறாங்க. அது இருக்கணும். கை வச்சுத் தெரிஞ்சுக்கிறதை எந்தத் திரையும் கொடுக்காது, திசுவோட எடை, இறுக்கம், ஒரு நரம்பைப் பிரிச்சு எடுக்கிற பொறுமை. ஆனா 17 வாரச் சிசுவோட மூளையை எந்த டிஸெக்‌ஷன் ஹாலும் ஒவ்வொரு மாணவருக்கும் காட்ட முடியாது. அங்க இந்தத் திரை ஜெயிக்குது. ஒரே சீவலை ராயபுரத்துல ஒரு பொண்ணும் ருமேனியாவுல ஒரு புரொபசரும் ஒரே நேரத்துல பார்க்கலாம். தேயாது, கிழியாது.

காசு கிடையாது, அதையும் சொல்லிடறேன். தரணி எல்லாருக்கும் இலவசம். இணையத்துல ஐஐடி மெட்ராஸ் மூளை மையம், தரணின்னு தேடினா வந்துடும். போன்ல திறக்கலாம், ஆனா லேப்டாப்ல பார்த்தாதான் பிரயோஜனம். நல்ல வைஃபை இருக்கிற இடத்துல பண்ணுங்க, ஒவ்வொரு ஜூமுக்கும் டேட்டா போகும். ரெண்டு டேப் திறந்து, ஒண்ணுல 14 வாரம், இன்னொண்ணுல 24 வாரம் வச்சுக்கோங்க. முதல்ல வெளி ஓரத்தைப் பாருங்க, வழுவழுப்பு எங்க மடிய ஆரம்பிக்குதுன்னு. அப்புறம் நடு அறையோட சுவருக்குப் போய் ஜூம் பண்ணுங்க. ஊதாப் புள்ளிகள் கும்பலா நெருக்கிட்டு இருக்கும். அங்கிருந்து மெதுவா வெளிப்பக்கம் நகர்த்திட்டே போனா, வழியில சிதறின புள்ளிகள் தெரியும். ஏறிட்டு இருந்த செல்கள் அதுல நிறைய.

பார்த்துட்டு என்ன தோணுச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த வாரம் சிலதைப் போடுறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. அதை உங்க டாக்டர்கிட்டயே காட்டுங்க. தண்டையார்பேட்டைத் தங்கச்சிக்கு நாலு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. தேதி இந்த வெள்ளிக்கிழமை.